பிள்ளை வாயில் கெட்ட வார்த்தை வந்தால்: எதைக் கண்டிப்பது, எதை விட்டுவிடுவது

குழந்தை முதல் தடவை கெட்ட வார்த்தை சொல்கிற அந்த நிமிடத்தில் வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது. வேறு எதையும் விட இதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு வருகிற தொல்லையில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. மூன்று வயதுக் குழந்தை மரக்கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கிறது, கோபுரம் சரிந்ததும் பச்சையாக ஒரு வார்த்தையை விடுகிறது. அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். பாட்டி "ஐயையோ, யாருடா இதைச் சொல்லிக்குடுத்தது?" என்று சத்தம் போடுகிறார். இன்னொருவர் போனைத் தூக்கிக்கொண்டு "எங்கே, இன்னொரு தடவை சொல்லு" என்கிறார். குழந்தை நான்கு முகங்களையும் மாறி மாறிப் பார்க்கிறது. வார்த்தையின் அர்த்தம் அதற்குத் தெரியாது, ஆனால் இதைச் சொன்னால் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நம்மைப் பார்ப்பார்கள் என்பது இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. நாளைக்கு விருந்தாளி வரும்போது அதையே சொல்லும்.

அந்த வயதில் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கோபுரத்தைப் பற்றிப் பேசுங்கள். "விழுந்துடுச்சா? கோபமா வருதா? வா, அடியிலே பெரிய கட்டையா வைப்போம்." வார்த்தையைப் பற்றி ஒரு பேச்சும் வேண்டாம். சிரிப்பும் கூடாது, அதிர்ச்சியும் கூடாது, இரண்டுமே குழந்தைக்குப் பரிசுதான். அதற்கு வேறு சொல் கையில் இல்லாததால்தான் காதில் விழுந்ததை எடுத்துப் போட்டது, அதனால் "போச்சு", "அடச்சே", "எனக்குக் கோபமா இருக்கு" மாதிரி சொற்களை நீங்களே அதன் முன்னால் அடிக்கடி சொல்லிக் காட்டுங்கள்.

இப்படிக் கண்டுகொள்ளாமல் விட்டால் முதல் சில நாள் அந்த வார்த்தை குறையாது, கூடவே செய்யும். கிடைத்துக்கொண்டிருந்த கவனம் திடீரென்று நின்றால் அந்தப் பழக்கம் அடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பொங்கி எழும் என்பது நடத்தை உளவியலில் பழைய பாடம். நிறையப் பேர் சரியாக அந்த இடத்தில்தான் பொறுமை இழந்து கத்திவிடுகிறார்கள், அல்லது வீட்டில் ஒருவர் கண்டுகொள்ளாமல் இருக்க இன்னொருவர் சிரித்துவிடுகிறார். எப்போதாவது கிடைக்கிற பரிசு எப்போதும் கிடைக்கிற பரிசை விடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்ற வைக்கும். ஆகவே வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரையும் குழந்தை தூங்கிய பிறகு உட்காரவைத்து "ரெண்டு வாரம் யாரும் சிரிக்காதீங்க, யாரும் கத்தாதீங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. இதைச் செய்யாமல் நீங்கள் ஒருவர் மட்டும் முயற்சி செய்தால் பலன் இருக்காது.

வார்த்தையை விட, அது யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்

குழந்தை வளர்ந்து ஐந்தாறு வயது ஆகும்போது "தெரியாமல் சொல்கிறது" என்ற சாக்கு போய்விடும். டிமோதி ஜே என்ற அமெரிக்க உளவியலாளர் பல பத்தாண்டுகளாக இதையே ஆராய்ந்தவர். அங்கே குழந்தைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கிற வயதிலேயே 30 முதல் 40 வரை தகாத சொற்கள் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்று அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்குப் போன பிறகுதான் பிள்ளை கெட்டுப்போனது என்று சொல்கிற பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பள்ளிக்கு முன்னால் கேட்ட குரல்கள் பெரும்பாலும் நம்முடையவை.

சரி, தெரிந்துதான் சொல்கிறது என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனையா? இங்கேதான் பெரும்பாலான வீடுகள் வழி தவறுகின்றன. கால் கட்டைவிரலைக் கதவில் இடித்துக்கொண்டு வலியில் ஒரு வார்த்தை விட்ட பையனுக்கும், தங்கையைப் பார்த்து அதே வார்த்தையை முகத்துக்கு நேராகச் சொன்ன பையனுக்கும் ஒரே திட்டு, ஒரே அடி. அந்தப் பையனுக்குப் புரிவது, 'இந்தச் சத்தத்தை அப்பா காதில் விழாமல் சொல்ல வேண்டும்' என்பது மட்டும்தான். தங்கைக்கு என்ன ஆனது என்பது அவன் கணக்கிலேயே வராது.

என் கட்சி இதுதான்: வீட்டில் ஒரு சட்டம் போதும். மனிதர் மேல் எறிகிற வார்த்தைக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். காற்றில் விழுகிற வார்த்தைக்கு இடம் பொருள் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும். அந்தச் சட்டம் வயது பார்க்காமல் அப்பா, அம்மா, தாத்தா எல்லாருக்கும் பொருந்தும்.

வலியில் வருகிற வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் என்பவரின் குழு 2009-ல் மாணவர்களின் கையை மிகக் குளிர்ந்த நீரில் வைக்கச் சொல்லிப் பார்த்தது. ஒரு தடவை கெட்ட வார்த்தை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, இன்னொரு தடவை மேசையை வருணிக்கிற சாதாரணச் சொல் ஒன்றைச் சொல்லிக்கொண்டு. கெட்ட வார்த்தை சொன்னபோது கை அதிக நேரம் நீரில் நின்றது. ஸ்டீபன்ஸ் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு இந்தப் பலன் குறைவு. எதற்கெடுத்தாலும் அதையே சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையின் வேகமே போய்விடுகிறது. பெரிய பிள்ளைகளிடம் இதை அப்படியே சொல்லலாம், கேட்டுக்கொள்வார்கள். "உனக்கு நிஜமாவே வலிக்கிற அன்னிக்கு அது வேணும், இப்பவே செலவழிச்சுடாதே" என்றால் அறிவுரையை விட நன்றாக ஏறும்.

ஆக, கதவில் இடித்துக்கொண்ட பிள்ளையிடம் முதலில் கால் விரலைப் பாருங்கள். ரத்தம் வருகிறதா, வீக்கம் உண்டா என்று பார்த்துவிட்டு, அடங்கிய பிறகு வேண்டுமானால் "பாட்டி இருக்கிற இடத்தில் அதைச் சொல்லாதே" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

தங்கை மேல் எறிந்த வார்த்தை வேறு கதை. அதை உடனே நிறுத்த வேண்டும், சத்தம் போடாமல், பக்கத்தில் போய் நின்று. "அவ மேல கோபம் இருக்கட்டும். அந்த வார்த்தையால அவளை அடிக்கக் கூடாது. என்ன கோபம்னு சொல்லு, நான் கேட்கிறேன்." அவன் பென்சிலை உடைத்துவிட்டாள் என்றோ, முறை வைத்து ஆடுகிற ஆட்டத்தில் ஏமாற்றினாள் என்றோ ஏதாவது வரும். அந்த வழக்கையும் தீர்த்து வையுங்கள். வார்த்தையை மட்டும் கண்டித்துவிட்டு வழக்கைக் கேட்காமல் போனால், அடுத்த தடவை அவன் கையை ஓங்குவான். பிறகு தங்கையிடம் அவனே போய்ப் பேச வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்குகிற "சாரி" வேண்டாம், இரண்டு பேரும் தணிந்த பிறகு "நான் சொன்னது தப்பு" என்று அவன் வாயால் வந்தால் போதும்.

நண்பர்கள் முன்னால் கெத்துக்காகச் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஏழெட்டு வயதில் ஒரு புது வார்த்தையை வைத்திருப்பது புது பம்பரம் வைத்திருப்பது மாதிரி, சுற்றிக் காட்டாமல் இருக்க முடியாது. அதைப் பெரிதாக்காமல், "வீட்டில் அது வேண்டாம்" என்று ஒரே குரலில் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தால் மவுசு தானாகக் குறையும்.

அர்த்தம் கேட்டால் சொல்லுங்கள்

"அப்படின்னா என்னப்பா?" என்று பிள்ளை கேட்கும்போது "அதெல்லாம் உனக்கு எதுக்கு, வாயை மூடு" என்பது மோசமான பதில். உங்களிடம் கேட்கலாம் என்ற நம்பிக்கையில் வந்த கேள்வி அது. நீங்கள் கதவைச் சாத்தினால் வகுப்பில் பின்வரிசைப் பையன் சொல்லுவான், அல்லது போன் சொல்லும், அதுவும் படத்தோடு. இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடலாம்: "அது உடம்பில ஒரு பாகத்தை மட்டமாச் சொல்ற வார்த்தை. ஒருத்தரை அவமானப்படுத்தணும்னு சொல்லுவாங்க." அதற்கு மேல் கேட்டால் மேலே சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். முகத்தில் வெட்கத்தைக் காட்டாமல் சொல்வதுதான் இதில் கஷ்டமான பகுதி, முன்கூட்டியே ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்.

இதோடு ஒட்டியே இன்னொரு விஷயம், இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பல வீடுகளில் அந்தரங்க உறுப்புகளின் பெயரே கெட்ட வார்த்தைப் பட்டியலில் இருக்கிறது. பிள்ளை அதைச் சொன்னாலே "ச்சீ" என்று வாயில் போடுகிறார்கள். அப்புறம் யாராவது தகாத இடத்தில் தொட்டால் அதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வார்த்தையும் இருக்காது, தைரியமும் இருக்காது, ஏனென்றால் அந்தப் பேச்சை எடுப்பதே குற்றம் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். உறுப்புகளுக்கு மரியாதையான பெயர் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், பிள்ளை அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் உங்களிடமும் டாக்டரிடமும் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கெட்ட வார்த்தை எது என்று கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், எது கெட்ட வார்த்தை இல்லை என்று கற்றுக்கொடுங்கள்.

பிறப்பை வைத்துத் திட்டுவது, சாதியை, மதத்தை, தோல் நிறத்தை, நடக்க முடியாததை, பேச்சுத் திக்குவதை வைத்துத் திட்டுவது, இவற்றை நான் மற்றக் கெட்ட வார்த்தைகளோடு சேர்க்க மாட்டேன். வேடிக்கை என்னவென்றால் உடம்பு சம்பந்தப்பட்ட வார்த்தைக்குக் குதிக்கிற பல பெரியவர்கள் இவற்றைக் கேட்டும் கேட்காதது போல இருப்பார்கள், ஏன், தாங்களே சாதாரணமாகச் சொல்வார்கள், அவர்களுக்கு அது வசவாகவே தெரியாது. ஆனால் ஒருவரால் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றைப் பிடித்து அடிக்கிறது அந்தச் சொல், அதோடு அந்த ஒருவரை மட்டும் அடிக்காமல் அவரைப் போன்ற எல்லாரையும் சேர்த்து அடிக்கிறது. விளையாட்டாகச் சொன்னாலும், அந்த ஆள் எதிரில் இல்லாதபோது சொன்னாலும், இதை விடக் கூடாது. "கெட்ட வார்த்தை பேசாதே" என்று பொதுவாக முடித்துவிடாதீர்கள், அந்தச் சொல்லை யார் யாரை என்னென்ன செய்துகொண்டு சொன்னார்கள் என்ற கதையைப் பிள்ளையின் வயதுக்குத் தகுந்தபடி உட்காரவைத்துச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும், பெரியவர்களை விடச் சீக்கிரம் புரியும்.

அப்பா பேசலாமா?

எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும். "நீங்க மட்டும் வண்டி ஓட்டும்போது சொல்றீங்க?" இதற்கு "நான் பெரியவன்" என்ற பதிலை எந்தப் பிள்ளையும் உள்ளே ஏற்றுக்கொள்வதில்லை, வெளியே பேசாமல் போகும், அவ்வளவுதான்.

பெரியவர்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்று நடிக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் ஆங்கிலம் பேசுகிறவர்களின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்ததில் சராசரியாக ஆயிரம் சொல்லுக்கு ஐந்து என்ற கணக்கில் தகாத சொல் வந்தது. ஒரு நாளில் நாம் பேசுகிற ஆயிரக்கணக்கான சொற்களில் அது குறைவில்லை. அதில் பெரும்பகுதி எரிச்சலையும் அலுப்பையும் வெளியே விடுவதற்காக வருவது, யாரையும் தாக்குவதற்கு இல்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் விஷயம். ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் 1961-ல் வெளியிட்ட பொம்மை ஆய்வைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள்: பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைப் போட்டு அடிப்பதைப் பார்த்த சின்னக் குழந்தைகள் பிறகு தாங்களும் அடித்தார்கள். அதிகம் பேசப்படாத பகுதி, அந்தப் பெரியவர் அடிக்கும்போது சொன்ன வாக்கியங்களையும் குழந்தைகள் அப்படியே சொன்னார்கள் என்பது.

இன்னொரு கூட்டம் உண்டு. கெட்ட வார்த்தையே வாயில் வராது, ஆனால் பிள்ளையைக் கூப்பிடும்போது "சனியனே", "மூதேவி", "எருமை மாடு", "தண்டச்சோறு", "உன்னைப் பெத்ததுக்கு" என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். இவர்கள் வீட்டில் கெட்ட வார்த்தைக்குத் தடை உண்டு, பெருமையாகவும் சொல்வார்கள். நான் கேட்கிறேன், கல் இடறியதும் ஒரு பச்சையான சொல்லைச் சொல்கிற அப்பாவுக்கும், கணக்கில் மார்க் குறைந்ததும் "நீ எதுக்குமே லாயக்கில்லாதவன்" என்று பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்கிற அப்பாவுக்கும் இடையில் யார் பேசியது கெட்ட வார்த்தை? 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் மிங்-டே வாங்கும் சாரா கென்னியும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோர் கத்தியும் வைதும் இழிவாகப் பேசியும் கண்டித்த பிள்ளைகளுக்கு அடுத்த ஓராண்டில் முரட்டுத்தனமும் மனச்சோர்வின் அறிகுறிகளும் கூடியிருந்தன. மற்ற நேரத்தில் பெற்றோர் எவ்வளவு பாசமாக இருந்தாலும் அது இந்தப் பாதிப்பை ஈடுகட்டவில்லை. "திட்டுவேன், ஆனா உயிரையே வெச்சிருக்கேன்" என்று சொல்கிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

உங்கள் வாயைக் கட்டுவதற்கு என்ன வழி? "இனிமேல் பேசவே மாட்டேன்" என்ற சபதம் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் இது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சு போன நோயாளிகளில் சிலருக்கு ஒரு வாக்கியம் கூடச் சேர்த்துச் சொல்ல முடியாது, ஆனால் வசவுச் சொல் மட்டும் தெளிவாக வரும். அந்த அளவுக்கு அது தானியங்கிப் பேச்சு. அதனால் வார்த்தையைப் பிடிக்கப் போகாமல் அது வருகிற இடத்தைப் பிடியுங்கள். வண்டி ஓட்டும்போதா, மேட்ச் பார்க்கும்போதா, ஆபீஸ் போன் வந்து வைத்த பிறகா, ராத்திரி அலுத்துப்போய்ச் சமையலறையில் நிற்கும்போதா என்று ஒரு வாரம் கவனித்தால் ஒன்றிரண்டு இடம் தெளிவாகத் தெரியும். ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பிள்ளை கூட இருக்கிற இடத்தை. அங்கே சொல்வதற்கு ஒரு மாற்றுச் சொல்லை முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சொல்லில் அந்தத் திருப்தி வராது என்பது உண்மைதான், ஸ்டீபன்ஸே 2020-ல் புதிதாக உண்டாக்கிய சொற்களை வைத்து அதே குளிர்நீர்ச் சோதனையைச் செய்து பார்த்தார், வலியைத் தாங்க அவை உதவவில்லை. பரவாயில்லை, முன்னால் போகிற வண்டிக்காரர் உங்களுக்கு வலியைக் கொடுக்கவில்லை, எரிச்சலைத்தான் கொடுத்தார், எரிச்சலுக்கு "என்னய்யா இது" போதும்.

வாய் தவறிவிட்டால் நின்று ஒப்புக்கொள்ளுங்கள். "தப்பான வார்த்தை விட்டுட்டேன், கோபத்தில வந்துடுச்சு." இதற்குப் பின்னால் "ஆனா" போடாதீர்கள். யாரையாவது பார்த்துச் சொல்லியிருந்தால் அவரிடம், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மன்னிப்புக் கேளுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர், கடைப் பையன், வண்டி ஓட்டுபவர் என்று எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் இருக்கிறவர் மேல் எறிந்திருந்தால் கட்டாயம். யாரிடம் வாயை விடலாம், யாரிடம் விடக் கூடாது என்ற கணக்கைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் போடுகிறார்கள்.

உண்டியல் வைத்து ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு போடச் சொல்கிற வீடுகள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையைத் தாமதமாக அழைத்துப் போகும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள், அதன் முடிவு 2000-ல் வெளியானது. தாமதம் குறையவில்லை, கூடியது. காசு கட்டிவிட்டோமே என்று சங்கடம் போய்விட்டது. உண்டியலும் அப்படித்தான், கொஞ்ச நாளில் வார்த்தைக்கு விலை வைத்த மாதிரி ஆகிவிடும், கையில் காசுள்ளவர் தைரியமாகப் பேசுவார்.

வாயில் சோப்பைத் தேய்ப்பது, காரத்தை வைப்பது, சூடு வைப்பது, உதட்டில் அடிப்பது எல்லாம் கொடுமை. அதில் வாதம் செய்ய ஒன்றும் இல்லை.

பதின்ம வயது

பன்னிரண்டு, பதின்மூன்று தாண்டிய பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது வார்த்தைகள் வரும். அதை அடியோடு ஒழிக்க முடியும் என்று நினைத்தால் நீங்கள் ஒரு காவல்காரராகிவிடுவீர்கள், அவர்கள் உங்கள் முன்னால் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். நண்பர்களுக்குள் அது நெருக்கத்தின் அடையாளம், திட்டினால்தான் நண்பன். இந்த வயதில் கற்றுக்கொடுக்க வேண்டியது இடம் மாற்றிப் பேசுவது. ஆசிரியரிடம் ஒரு பேச்சு, தாத்தாவிடம் ஒரு பேச்சு, கூட்டாளியிடம் ஒரு பேச்சு என்று ஏற்கெனவே அவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடுகிற பையன் சத்தமாக ஒன்றை விட்டால், பக்கத்து அறையில் சின்னக் குழந்தை இருக்கிறது என்று நினைவுபடுத்துங்கள். எதிரில் ஆடுகிற முகம் தெரியாத ஆளை விடாமல் வைதுகொண்டே இருக்கிறான் என்றால் விளையாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தப் பக்கமும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். எழுத்தில் போடுவது இன்னும் கெட்டது. வாயில் சொன்னது மறந்துபோகும், குரூப்பில் போட்டதை யாரோ படம்பிடித்து வைத்திருப்பார்கள், அது எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது.

பையன்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு ஆணைத் திட்ட வேண்டும் என்றால் ஏன் அவன் அம்மாவையும் அக்காவையும் இழுக்கிறீர்கள்? அவர்களுக்கு இந்தச் சண்டையில் என்ன சம்பந்தம்? பதிலை எதிர்பார்க்க வேண்டாம், கேட்டுவிட்டு விடுங்கள். உலகத்தில் பல மொழிகளில் மிக மோசமான வசவு தாயைச் சுற்றித்தான் இருக்கிறது, அவர்கள் இதைப் பற்றி யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். அதே வீட்டில் பெண் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் வானம் இடிந்து விழுவதும் நடக்கிறது. "பொம்பளைப் பிள்ளை பேசுற பேச்சா இது?" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பேசக் கூடாது என்றால் இருவரும் பேசக் கூடாது, பரவாயில்லை என்றால் இருவருக்கும் பரவாயில்லை.

வேறு மொழியில் சொன்னால் குற்றமில்லை என்ற எண்ணமும் இந்த வயதில் நிறைய. சொல்கிறவருக்கு லேசாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. கேத்தரின் ஹாரிஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் துருக்கிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பிறகு ஆங்கிலம் கற்றவர்களை வைத்து 2003-ல் செய்த ஆய்வில், தகாத சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோதுதான் உடல் அதிகம் பதறியது, தோலில் ஏற்படும் மின் மாற்றத்தை வைத்து அளந்தார்கள். சின்ன வயதில் கேட்கிற அதட்டல் சொற்களில் அந்த வித்தியாசம் இன்னும் தெளிவாக இருந்தது. ஆக உங்கள் மகனுக்கு அந்த இரவல் வார்த்தை ஒன்றுமில்லாததாகத் தோன்றலாம், அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் காதில் அது அப்படி விழாது. அதே கணக்கில், நீங்கள் தாய்மொழியில் அவனை வைத ஒரு சொல் அவனுடைய ஐம்பதாவது வயதிலும் உள்ளே சுடும்.

நோயால் வருகிற வார்த்தை

எல்லா வசவும் குணத்தால் வருவதில்லை. டூரெட் என்ற நரம்புக் கோளாறு உள்ளவர்களில் நூற்றில் சுமார் 10 முதல் 15 பேருக்குத் தாங்கள் விரும்பாமலே தகாத சொற்கள் தெறித்து வரும். மற்றவர்களுக்கு வருவது கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைக் கனைப்பு போன்றவைதான். ஒரு பிள்ளை இப்படிப்பட்ட அசைவுகளோடு சேர்த்து, சம்பந்தமே இல்லாத இடத்தில், அடக்கப் பார்த்தும் முடியாமல் ஒரே சொல்லைச் சொல்கிறது என்றால் அடித்துத் திருத்த நினைக்காதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதேபோல வாழ்நாள் முழுக்க மென்மையாகப் பேசிய ஒரு பெரியவர் திடீரென்று வாய்க்கு வந்தபடி பேச ஆரம்பித்தால் அதை முதுமையின் சிடுசிடுப்பு என்று தள்ளிவிடாமல் பரிசோதிக்க வேண்டும், மூளையின் முன்பகுதியைத் தாக்குகிற மறதிநோய் வகைகளில் இது ஓர் அறிகுறி. பேரப்பிள்ளைகளிடம் நேராகச் சொல்லுங்கள்: "தாத்தா மூளைக்கு உடம்பு சரியில்லை, நிறுத்துற பிரேக் வேலை செய்யலை, உன் மேல கோபம் இல்லை." ஆறு வயதிலேயே பிள்ளைகள் இதை ஏற்றுக்கொண்டு தாத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள்.

பள்ளியிலிருந்து போன் வந்தால்

உங்கள் பிள்ளை வகுப்பில் ஒருவரை வைதான் என்று ஆசிரியர் கூப்பிட்டால், முதலில் என்ன சொன்னான், யாரிடம் சொன்னான், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மூன்றையும் கேளுங்கள். "எங்க வீட்டில அப்படிப் பேசவே மாட்டோம்" என்று தொடங்காதீர்கள், அது உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிற பேச்சு, அந்த நேரத்தில் அது யாருக்கும் தேவைப்படாது. சொல்லை வாய்விட்டுச் சொல்ல ஆசிரியர் கூச்சப்பட்டால் எழுதிக் காட்டச் சொல்லலாம். எந்த வார்த்தை என்று தெரியாமல் வீட்டில் விசாரணை நடத்த முடியாது, வலியில் கத்தியதா, ஒருவனின் பிறப்பை இழுத்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளையிடம் மாலையில் வந்து கேட்கும்போது தனியாகக் கேளுங்கள், அவன் தரப்பை முழுக்கச் சொல்ல விடுங்கள், பல சமயம் அவனை அதற்கு முன்னால் இன்னும் மோசமாக யாரோ வைதிருப்பார்கள், அதை அவன் எவரிடமும் சொல்லியிருக்க மாட்டான். அப்படி இருந்தால் அதையும் பள்ளியில் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. அவன் செய்ததற்கு அவன் பொறுப்பு, மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் அந்தப் பையனிடம் அவனே போய்ப் பேச வேண்டும். கூட வரவா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் வாசலிலேயே நின்றுவிடுங்கள்.